எஞ்சின் மாறினால் கார் மாறுமா?

எஞ்சின் மாறிய பழைய கார் போலியே என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரு வழக்கு.

‘ஓல்டு நம்பர் ஒன்’ என்னும் பென்ட்லி கார் 1929, 1930 ஆகிய இரண்டாண்டுகளிலும் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் வென்றது. பின்னர் அதன் ஆறரை லிட்டர் எஞ்சின் போய் எட்டு லிட்டர் எஞ்சின் வந்தது; மேற்கூடும் மாறியது. பிற்காலத்தில் ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசியவர்கள், ‘இது பழைய கார் அன்று’ எனக் கூறி வாங்க மறுத்தனர். 1990-இல் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார்: பழைய பாகங்கள் மிகச் சிலவே மீந்திருப்பினும், வரலாறு அறுபடாமல் தொடர்ந்து வந்ததால் அதுவே உண்மையான ‘ஓல்டு நம்பர் ஒன்’.

அசல் பாகம் வேறு, உண்மையான கார் வேறு என்பதை இதனால் உணர்ந்தேன். ஆதலின், பழைய காரை மதிப்பிடுவோர் எஞ்சினில் பொறித்த எண்ணைத் தொழிற்சாலைப் பதிவேட்டோடு முதலில் ஒப்பிட வேண்டும். எண்ணைத் தேய்த்துவிட்டு வேறு எண் பொறிப்போரும் உளர். எனவே அவ்விடத்தில் தேய்த்த தடம் உண்டா எனவும் நோக்க வேண்டும். எண்கள் ஒவ்வாவிடில் எஞ்சின் எப்போது, ஏன் மாறியது என்பதற்குச் சான்று கேட்க வேண்டும். மாற்றிய எஞ்சின் விலையைத்தான் குறைக்கும். மாற்றியதை மறைத்தால், காரின் வரலாறு முழுவதுமே ஐயத்துக்குள்ளாகும்.