ஆர்கானிக் காய்கறி: எதுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்?

‘ஆர்கானிக்’ என்று எழுதியிருந்தாலே விலை ஏறிவிடுகிறது. எல்லாவற்றையும் அப்படி வாங்க மாசச் சம்பளக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் தேர்ந்தெடுத்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

எதுக்குக் கொடுக்கலாம்?

தோலோடு, இலையோடு சாப்பிடுபவற்றுக்கு: கீரை, கொத்தமல்லி, கறிவேப்பிலை, திராட்சை, பச்சை மிளகாய். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயும் இந்தப் பட்டியல்தான். காய்த்துளைப்பான் தொல்லையால் கத்தரிக்கு அடிக்கடி மருந்து அடிக்கிறார்கள். வாழைப்பழம், தேங்காய், வெங்காயம் போல உரித்துச் சாப்பிடுபவற்றுக்குக் கூடுதல் செலவு அவ்வளவு அவசியமில்லை.

ஒரு விஷயம்: இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் குறியீடு காய் விளைந்த ஊரைச் சொல்லும்; மருந்து அடிக்கவில்லை என்று சொல்லாது.

முத்திரை இருக்கிறதா?

பாக்கெட்டில் விற்றால் அதிகாரப்பூர்வ ஆர்கானிக் முத்திரையைத் தேடுங்கள். ‘நேச்சுரல்’, ‘ஃபிரெஷ்’ என்ற வார்த்தைகள் சான்றிதழ் ஆகாது. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு விவசாயி உங்களிடம் நேரடியாக விற்றால் சான்றிதழ் கட்டாயமில்லை. அவரிடம் பூச்சிக்கு என்ன செய்கிறீர்கள், என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேளுங்கள். செய்பவர் விளக்கமாகச் சொல்வார்.

தண்ணீர் எங்கிருந்து வருது?

நம்ம ஊரில் இதையும் கேட்டாக வேண்டும். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டதை வைத்துத்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம் ‘மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்’ என்ற முக்கியத் தீர்ப்பைத் தந்தது. ஆர்கானிக் முத்திரை முக்கியமாகச் சொல்வது சாகுபடி முறையை. அந்தக் காயில் குரோமியம் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்காது. மேலே ஒட்டிய மண்ணும் மருந்தும் கழுவினால் ஓரளவு போகும். வேர் வழியாக உள்ளே போனது போகாது.

எனவே, எந்த ஊர்த் தோட்டம், எந்தக் கிணறு என்று சொல்ல முடியாத ‘ஆர்கானிக்’ கீரைக்கு ரெண்டு மடங்கு விலை வேண்டாம். நல்ல தண்ணீரில் விளைந்த சாதாரணக் கீரையை உழவர் சந்தையில் வாங்கி, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசிச் சமையுங்கள்.

போலி முத்திரை என்று சந்தேகமா? பில்லையும் பாக்கெட்டையும் படம் எடுத்து, ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியில் புகார் கொடுங்கள்.