போர்ப்பாடலும் பதினோராம் வகுப்பும்

புறநானூற்றின் 279ஆம் பாடலைப் பல ஆண்டுகளாக நான் ஒரே விதமாகத்தான் நடத்திவந்தேன். பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார், திணை வாகை, துறை மூதின்முல்லை. முன்னொரு நாள் போரில் தமையனையும் நேற்றைய போரில் கணவனையும் இழந்த ஒரு பெண், இன்றும் போர்ப்பறை கேட்டவுடன் தன் ஒரே மகனுக்கு வெள்ளாடை உடுத்தி, தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். கரும்பலகையில் "மறக்குடி மகளிரின் வீரம்" என்று எழுதிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி தேர்வில், "அந்த அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. பையனை நினைத்தால் பாவமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாள். பாடலில் கேட்ட விடை அதுவல்ல என்று பாதி மதிப்பெண்தான் போட்டேன். அந்த விடைத்தாள் என் மனத்தைவிட்டுப் போகவில்லை. இந்த ஆண்டு முறையை மாற்றிப் பார்த்தேன். அந்த அனுபவத்தை உங்களோடு பகிர்கிறேன்.

முதல் நாள்: சீட்டு எழுதுதல்

எங்கள் பள்ளி மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. பிள்ளைகளில் பாதிப்பேர் மீனவக் குடும்பத்தினர். மற்றவர்கள் சிற்பக்கூட வேலை, கட்டட வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைகள்.

திணை, துறை, புலவர் பெயர் எதையும் சொல்லாமல் பாடலை இருமுறை படித்துப் பொருள் மட்டும் சொன்னேன். பெயர் எழுதாத சீட்டில் ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். சீட்டுகளைப் 'பெருமை', 'பாவம்', 'கோபம்' என்று மூன்றாகப் பிரித்தோம். பெருமைதான் அதிகம். ஆனால் பேசத் தொடங்கியதும் சீட்டில் வராதவை வந்தன.

"எண்ணெய் தடவி, வெள்ளைத் துணி போட்டு... பள்ளிக்கூடத்துக்கு அனுப்புற மாதிரியே அனுப்புறாங்க ஐயா" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "அந்த அம்மா அழலைன்னு சொல்ல முடியாது. அப்பா கடலுக்குப் போறப்ப எங்க அம்மாவும் அழ மாட்டாங்க. போட்டு மறைஞ்சப்புறம்தான் வீட்டுக்குள்ள போவாங்க" என்றாள். இருபது ஆண்டுகளில் எந்த உரைநூலும் எனக்குத் தராத விளக்கம் இது.

இரண்டாம் நாள்: ஒரு கேள்வி

ஒப்பிட்டுப் பார்க்க வில்ஃப்ரெட் ஓவன் என்ற ஆங்கிலக் கவிஞரின் கவிதை ஒன்றின் பொருளைத் தமிழில் சொன்னேன். முதல் உலகப்போரில் நச்சுப்புகை வருகிறது. ஓர் இளம் வீரன் முகமூடியை நேரத்துக்கு மாட்டத் தவறிவிடுகிறான். அவன் சாவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் பேசும் கவிதை அது. நாட்டுக்காக இறப்பது இனியது என்று ரோமானியக் கவிஞர் ஹோரஸ் சொன்னதைப் பொய் என்று சொல்லி முடிகிறது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவன் அண்ணன் அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்து எல்லையில் இருக்கிறான். "அப்போ எங்க அண்ணன் போனது பொய்யா ஐயா?"

வகுப்பே அமைதியானது. என்னிடம் விடை இல்லை. "நாளைக்குப் பேசுவோம்பா" என்று மட்டும் சொன்னேன். அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. 2022இல் வந்த அந்தத் திட்டத்தில் பதினேழரை வயதிலேயே சேரலாம். என் எதிரில் இருப்பவர்களும் ஒன்றரை ஆண்டில் அந்த வயதைத் தொடுவார்கள். அவர்கள் வீட்டுப் பெருமையைக் காயப்படுத்தவா நான் கவிதை நடத்துகிறேன்?

மூன்றாம் நாள்: கவிஞர் யார்?

கவிஞரைப் பற்றிச் சொல்லாமல் கவிதையைச் சொன்னதுதான் நான் செய்த பிழை. ஓவன் வெளியிலிருந்து போரைப் பார்த்தவர் அல்லர், அவரே படையதிகாரி. மனம் பாதிக்கப்பட்டு 1917இல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். பின்பு மீண்டும் களத்துக்கே போனார். துணிவுக்காக 'மிலிட்டரி கிராஸ்' பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1918 நவம்பர் 4 அன்று, போர் முடிய ஒரே வாரம் இருக்கையில், 25 வயதில் கொல்லப்பட்டார். போர் முடிந்த நவம்பர் 11 அன்றுதான் செய்தி அவர் பெற்றோரை எட்டியது. அவர் தாய் 1920இல் தாகூருக்கு எழுதிய கடிதத்தில், மகன் கடைசியாக விடைபெற்றபோது தாகூரின் வரிகளைத்தான் சொன்னான் என்று குறிப்பிட்டார்.

இதைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "இவருடைய கோபம் யார்மேல்? பக்கத்தில் செத்தவன்மேலா, போர் இனிக்கும் என்று சொல்லி அனுப்பியவர்கள்மேலா?" பிள்ளைகளே பதில் கண்டார்கள். போரை மறுப்பது வேறு, வீரனை மறுப்பது வேறு.

அந்த மாணவன் தன் சீட்டைத் திரும்பக் கேட்டான். 'பெருமை' அடுக்கிலிருந்து எடுத்து இன்னொரு வரி சேர்த்தான்: "போன் வர்ற வரைக்கும் பயமாவும் இருக்கு." எந்த அடுக்கில் வைப்பது என்று கேட்டான். நடுவில் வைத்தோம்.

நம் இலக்கியத்தின் மறுபக்கம்

புறநானூறு முழுவதும் போர்ப் புகழ்ச்சி என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. 95ஆம் பாடலில் ஔவையார் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் வருகிறார். அவன் படைக்கலங்கள் நெய் பூசிப் பீலி சூடிப் பளபளக்கின்றன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வதுபோல் போரைத் தடுக்கும் பேச்சு. "நம்ம தொண்டை நாட்டு ராசாவுக்கா?" என்று வகுப்பு சிரித்தது. 45ஆம் பாடலில் கோவூர்கிழார், நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதும்போது யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடியே என்கிறார். 46ஆம் பாடலில் யானைக்காலில் இடக் கொண்டுவந்த மலையமானின் சிறுவர்களுக்காகக் கிள்ளிவளவனிடம் மன்றாடுகிறார்.

வகுப்பறையில் முயல விரும்புவோருக்கு

1. திணை, துறையைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் சொன்னால் பிள்ளைகள் அதையே விடையாக எழுதிவிடுவார்கள்.

2. "போர் நல்லதா, கெட்டதா?" என்று கேட்க வேண்டாம். "யார் பேசுகிறார், யார் பேசவில்லை?" என்று கேளுங்கள். 279ஆம் பாடலில் மகன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவன் பேசினால் என்ன சொல்வான் என்று எழுதச் சொல்லலாம்.

3. படைவீரர் குடும்பப் பிள்ளைகள் யார் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நான் தெரிந்துகொள்ளவில்லை.

4. பாடலிலிருந்து சான்று காட்டினால், மாறுபட்ட கருத்துக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள்.

279ஆம் பாடல் வீரத்தைப் போற்றுகிறதா, இழப்பைச் சொல்கிறதா? அவள் சிந்தை கெடுக என்று வசைபோலத் தொடங்கி அவள் துணிவை வியக்கும் பாடல் அது. பறை கேட்டு அவள் விரும்பினாள் என்று சொல்லும் புலவர், மயங்கினாள் என்றும் சேர்த்தே சொல்கிறார். இரண்டையும் பிள்ளைகள் பார்க்கட்டும். அன்று பாதி மதிப்பெண் வாங்கிய அந்த மாணவி இரண்டாவதைப் பார்த்திருந்தாள். நான்தான் பார்க்கவில்லை.