பின்னிருக்கையின் பாரம்

கடலூரினின்று சிதம்பரத்திற்கு மோட்டார் சைக்கிளில் இருவராய்ச் செல்வது எளிய செயலென்றே சென்ற தைத்திங்கள்வரை எண்ணியிருந்தோம். எம் வண்டி 2023-இல் வெளிவந்த இமாலயன் 450. 452 கன சென்டிமீட்டர் இயந்திரமும் 196 கிலோகிராம் நிறையும் உடையது. மலைவழிக்கென ஆக்கிய வண்டிக்கு இச்சமவெளி எம்மாத்திரம்! தோழரைப் பின்னே அமர்த்தி, நூன்மூட்டையை அவர்க்கும் பின்னே உயரக் கட்டினோம்.

புதுச்சத்திரம் கடந்தபின் ஒரு வளைவில் நெல் உலரப் பரப்பியிருந்தனர். ஒதுங்கத் திருப்பினோம், முன்னுருளி கைவழி நில்லாது வழுக்கிற்று. வீழாது தப்பினோமாயினும் தோழரின் முழங்கால் தரையில் உராய்ந்தது.

நெல்மணிகள் உருண்டமை ஒருபுறமிருக்க, பிழையிற் பெரும்பாகம் எம்முடையதே. ஏற்றத்தின்மேல் நிற்போன் பின்னே நடக்க முன்முனை மேலெழுதல்போல, பின்னச்சுக்கு அப்பாலுள்ள சுமை அவ்வச்சை ஊன்றிடமாகக் கொண்டு முன்புறத்தைத் தூக்குகின்றது. முன்னுருளிமேல் நிறை குறையவே, அது தரையைப் பற்றும் வலியும் குறைகின்றது. மேலும், வகுப்பில் எம்மொடு மாறுபடுவதே வழக்கமாயுள்ள தோழர், வளைவிலும் மறுபுறமே சாய்ந்தார்!

சிதம்பரத்தில் மூட்டையைப் பிரித்தோம். கனத்த நூல்களை இருபக்கப் பைகளிலும் சமமாக, தாழ, பின்னச்சுக்கு முன்னாக வைத்தோம். பின்வில்லை இறுக்கினோம், இருவர்க்கெனக் கையேடு விதித்த அளவிற்குக் காற்றடித்தோம். தோழர் எம் தோளின் வழியே நோக்கி உடன்சாய இசைந்தார்.

மாலையில் வெள்ளாற்றுப் பாலங் கடந்து மீண்டோம். நெல் இன்னும் வாரப்படவில்லை. முன்னரே இரு தடையும் மெல்லப் பிடித்து, நடைவேகத்தில் அவ்வளைவைக் கடந்தோம்.