லைப்ரரி வெளியிடப் போறியா தம்பி? டூல் சண்டையை அப்புறம் வச்சுக்க

பைத்தான்ல கோடு எழுதி முடிச்சு, பைபிஐ-யில ஏத்துற நேரம் வந்ததும் செட்டப்டூல்ஸா, ஹாட்ச்லிங்கா, பொயட்ரியான்னு ராத்திரி முழுக்க வீடியோ பார்த்துட்டு உட்காராதே. அதுல எதை எடுத்தாலும் பின்னாடி மாத்திக்கலாம். ஒரு தடவை வெளிய போயிட்டா மாத்தவே முடியாத விஷயங்கள் வேற இருக்கு. உன் கவலையை அங்கே வை.

டூல் கதையை முதல்ல முடிச்சுடறேன். பேக்கேஜ் கட்டுற டிஸ்ட்யூட்டில்ஸ் பைத்தானோடவே வந்த காலம் போச்சு. 2023 அக்டோபர்ல வந்த 3.12-ல அதை எடுத்துட்டாங்க. இப்போ எல்லா டூலும் பைப்ராஜெக்ட்.டாமல்-ங்கிற பொது ஃபைலைப் படிக்கும். பேரு, வெர்ஷன், லைசென்ஸ், தேவைப்படுற மத்த லைப்ரரிகள் எல்லாத்தையும் அதுல இருக்கிற பொதுவான ‘ப்ராஜெக்ட்’ பகுதியில எழுதிடு. நாளைக்கு டூலை மாத்தணும்னா சில வரிதான் மாறும். பொயட்ரி ரொம்ப நாள் தனக்குன்னு தனிப் பகுதி வச்சிருந்துச்சு. 2025 ஜனவரியில வந்த 2.0-லதான் இந்தப் பொது வழிக்கு வந்துச்சு. அதனால பழைய பொயட்ரி பாடத்தைப் பார்த்து அப்படியே காப்பி அடிக்காதே.

உள்ளே இருக்கிறது முழுக்க பைத்தான் மட்டும்னா, ஃபிளிட் இல்லேன்னா ஹாட்ச்லிங் எடுத்துக்க. என் ஓட்டு ஃபிளிட்டுக்கு. அதோட பில்ட் பகுதி வேற எந்தப் பேக்கேஜையும் இழுத்துட்டு வராது. சோர்ஸ்ல இருந்து பில்ட் பண்ற லினக்ஸ் டிஸ்ட்ரோக்காரங்க உன்னை வாழ்த்துவாங்க. ஏற்கெனவே செட்டப்டூல்ஸ்ல ஒழுங்கா ஓடிட்டிருக்கிற ப்ராஜெக்டா? கை வைக்காதே. ஃபேஷனுக்காக டூலை மாத்தி வர்ற புல் ரிக்வெஸ்ட் என் கண்ல பட்டா மூடிடுவேன்.

சி, ஃபோர்ட்ரான், ரஸ்ட்னு ஏதாவது உள்ளே கலந்திருந்தாத்தான் உண்மையிலேயே உட்கார்ந்து யோசிக்கணும். சி-யும் ஃபோர்ட்ரானும் இருந்தா மெசான்-பைத்தான் நல்லா இருக்கும். சைபை 2022-ல 1.9-லயும், நம்பை 2023-ல 1.26-லயும் மெசானுக்குப் போயிட்டாங்க. உன் சி++ கோடு ஏற்கெனவே சிமேக்ல பில்ட் ஆகுதுன்னா ஸ்கிகிட்-பில்ட்-கோர். ரஸ்ட்னா மாட்யூரின். இதுல விவாதம் பெருசா இல்லை.

விவாதம் எங்கே வரும்னா, உன் லைப்ரரியை இன்ஸ்டால் பண்றவர்கிட்ட. 2021 பிப்ரவரியில கிரிப்டோகிராஃபி லைப்ரரியோட 3.4 வெளிவந்துச்சு. சோர்ஸ்ல இருந்து பில்ட் பண்ண இனிமே ரஸ்ட் கம்பைலரும் வேணும்னு ஆச்சு. காரணம் நியாயமானது, மெமரி தப்புகள் குறையணும்னு செஞ்சாங்க. ஆனா ஆல்பைன் லினக்ஸ் டாக்கர் இமேஜ்ல ஓட்டிட்டிருந்தவங்களுக்கு அப்போ வீல், அதாவது முன்னாடியே பில்ட் பண்ணி வச்ச பேக்கேஜ், கிடையாது. பழைய பிப் வச்சிருந்தவங்களுக்கு வீல் இருந்தும் அதை அடையாளம் தெரியலை. ரெண்டு கூட்டமும் சோர்ஸ்ல போய் விழுந்து, பில்ட் உடைஞ்சு, ஒரே கூச்சல். ரஸ்ட் ஓடாத பழைய ப்ராசசர் வச்சிருந்தவங்க கோபம் தனி. ஆல்பைன் வகையறாவுக்கும் வீல் போடுற வழி அந்த வருஷமே வந்துச்சு.

அதனால கம்பைல் ஆகுற கோடு இருந்தா, வீல் எல்லாம் தயாரான பிறகுதான் ரிலீஸ். சிபில்ட்வீல்னு ஒரு டூல் இருக்கு. லினக்ஸ், மேக், விண்டோஸ் மூணுக்கும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ்லயே வீல் கட்டித் தரும், டெஸ்டும் ஓட்டிக் காட்டும். ஆல்பைனுக்கான வீலையும் மறக்காம சேர்த்துக்க. பைத்தானோட நிலையான சி இடைமுகத்தை மட்டும் தொடற மாதிரி எழுத முடிஞ்சா இன்னும் நல்லது, ஒரே வீல் பல பைத்தான் வெர்ஷனுக்கு ஓடும்.

இப்போ மாத்த முடியாத விஷயங்களுக்கு வர்றேன். பைபிஐ-யில ஒரு ஃபைலை ஏத்தினா ஏத்தினதுதான். அழிச்சாலும் அதே பேர்ல திரும்ப ஏத்த விடாது. தப்பா போயிடுச்சுன்னா ‘யாங்க்’ பண்ணிட்டு அடுத்த வெர்ஷன் நம்பரைப் போடு. யாங்க் பண்ணா, அந்த நம்பரையே குறிப்பிட்டுக் கேட்கிறவங்களைத் தவிர மத்தவங்களுக்கு அது போகாது. முதல்ல டெஸ்ட் பைபிஐ-யில ஏத்திப் பார்க்கிற பழக்கம் வச்சுக்க.

ரொம்பப் பேர் சறுக்குற இடம், வெர்ஷனுக்குப் போடுற உச்சவரம்பு. உன் 1.0-ல வரம்பு இல்லை, 2.0-ல ‘பைத்தான் 3.14-க்குக் கீழே மட்டும்’னு போட்டேன்னு வை. 3.14 வச்சிருக்கிறவர் இன்ஸ்டால் கொடுத்தா, பிப் சத்தமில்லாம பின்னாடி போய் 1.0-வை எடுத்துக் கொடுத்துடும். அவர் பழைய பக்கைப் பார்த்துட்டு உன்கிட்ட சண்டைக்கு வருவார். ஏறின ஃபைல்ல இந்த வரியைத் திருத்தவும் வழியில்லை. மத்த லைப்ரரிகளுக்கும் கீழ்வரம்பு மட்டும் போடு. இந்த வெர்ஷன்ல நிச்சயமா உடையும்னு தெரிஞ்சாத்தான் மேல்வரம்பு. முழு அப்ளிகேஷன்னா எல்லாத்தையும் இறுக்கிக் கட்டு, தப்பில்லை. லைப்ரரி பத்துப் பேரோட சேர்ந்து குடித்தனம் பண்ணணுமே.

சோர்ஸ் பேக்கேஜைப் பிரிச்சுப் பார்க்காம ஏத்தாதே. லைசென்ஸ் இருக்கா, டெஸ்ட் இருக்கா, டேட்டா ஃபைல் இருக்கான்னு பாரு. லைப்ரரி கோடை ‘எஸ்ஆர்சி’ ஃபோல்டருக்குள்ள வச்சா, டெஸ்ட் ஓடும்போது இன்ஸ்டால் ஆன காப்பியைத்தான் சோதிக்கும். விட்டுப்போன ஃபைல் அங்கேயே மாட்டிக்கும். பேக்கேஜை உன் லேப்டாப்ல கட்டாதே, கிட் டேக்ல இருந்து சிஐ-யிலேயே கட்டு. 2024 மார்ச்ல வெளிய வந்த, எக்ஸ்இசட்-ங்கிற கம்ப்ரெஷன் டூல் விவகாரத்துல, பின்வாசலைத் திறந்துவிட்ட பில்ட் ஸ்கிரிப்ட் வரி ரிலீஸ் டார்பாலுக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு, கிட்ல இல்லை.

ஏத்துறதுக்கு பாஸ்வேர்டோ, நிரந்தர டோக்கனோ எங்கேயும் சேமிக்காதே. 2023 ஏப்ரல்ல இருந்து பைபிஐ-யில ‘டிரஸ்டட் பப்ளிஷிங்’ இருக்கு. எந்த ரெப்போ, எந்த வொர்க்ஃப்ளோன்னு பதிஞ்சு வச்சா, ஒவ்வொரு ரிலீஸுக்கும் 15 நிமிஷத்துல காலாவதியாகுற டோக்கன் தானா வரும். ப்ராஜெக்ட் உருவாகுறதுக்கு முன்னாடியே பதிஞ்சுக்கலாம், ஆனா அது பேரைப் பிடிச்சு வைக்காது. முதல் ரிலீஸுக்குள்ள வேற யாராவது அந்தப் பேர்ல ஏத்திட்டா அவங்களுக்குத்தான். அதனால சின்னதா ஓடுற கோடு இருந்தாலும் 0.1-ஐ இந்த வாரமே ஏத்திடு.