மீன் தொட்டியில் பச்சைச் செடி

கோலார் தங்க வயலில் ஒரு லைன் வீடு. அங்கே ஒரு தாத்தா இருக்கிறார். அவர் சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். பிறகு தினமும் ரயிலில் பெங்களூர் போய்க் காவலாளி வேலை பார்த்தார். இப்போது வீட்டோடு இருக்கிறார்.

பேத்திக்கு மீன் வளர்க்க ஆசை. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினார்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். நிறைய ஊற்றினால் 56 லிட்டர் பிடிக்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினார்கள். பாசிக் கொடியை அடைத்து வைத்தார்கள். அன்றே 20 மீன்களை விட்டார்கள்.

மூன்றாம் நாள் விடியற்காலை. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு மீன்கள் செத்து மிதந்தன.

“தாத்தா, மீனுக்கு என்ன ஆச்சு?” என்று பேத்தி அழுதாள்.

“மூச்சு முட்டுதும்மா. சுரங்கத்துக்குள்ள மேலேயிருந்து காத்து வரணும். வரலைன்னா எங்களுக்கும் இப்படித்தான் இருக்கும்” என்றார் தாத்தா.

“செடிதான் காத்து கொடுக்கும்னு டீச்சர் சொன்னாங்களே?”

டீச்சர் சொன்னது சரிதான். ஆனால் அது பாதிதான். வெளிச்சம் இருக்கும்போது செடி கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். பிராணவாயுவை வெளியே விடும். வெயில் நேரத்தில் இலைமேல் சின்னச் சின்னக் குமிழிகளைப் பார்க்கலாம். இரவில் வெளிச்சம் இல்லை. அப்போது செடி பிராணவாயுவைத் தருவதில்லை. நம்மைப் போல அதுவும் மூச்சு விடும். தண்ணீரில் உள்ள பிராணவாயுவை அதுவும் எடுக்கும், மீனும் எடுக்கும். செடியும் மீனும் அதிகமாக இருந்தால் விடிவதற்குள் பிராணவாயு குறைந்துவிடும். அதனால்தான் மீன்கள் விடியற்காலையில் திணறின.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கலாம். அது கிருமியைக் கொல்லும். மீனின் செவுளையும் அரிக்கும். தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும்.

தாத்தா தொட்டியைக் கழுவி மறுபடி தொடங்கினார். இந்த முறை முதலில் மணல். “மேட்டு மண் வெள்ளையா அழகா இருக்கே தாத்தா, கொண்டு வரட்டுமா?” என்று பேத்தி கேட்டாள். தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அதில் நியாயம் இருக்கிறது. தங்க வயலில் மலைபோல் நிற்கும் மண், ஆற்று மணல் அல்ல. பாறையை மாவாக இடித்து, சயனைடு என்ற கொடிய நஞ்சைச் சேர்த்துத் தங்கத்தைப் பிரித்தார்கள். மிஞ்சிய தூள்தான் அந்த மேடு. காற்றடித்தால் வீட்டுக்குள் வந்து விழுகிறதே, அதே தூள். அதை மீன் தொட்டியில் போடக்கூடாது. பிள்ளைகள் அதில் விளையாடவும் கூடாது. இன்னொன்றும் உண்டு. அது மிகவும் நைசாக இருப்பதால் இறுகிப்போகும். வேருக்குக் காற்றே போகாது.

கடுகு அளவுள்ள ஆற்று மணல் போதும். கலங்கல் நிற்கும்வரை கழுவுங்கள். சோப்பு வேண்டாம். 2 அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள்.

தொடங்குபவர்களுக்கு இரண்டு செடிகள் நல்லவை. ஒன்று ஹைட்ரில்லா. ஏரி குளங்களில் தானாக வளரும் கொடி. ஒரு சாண் அளவு வெட்டி மணலில் செருகினால் வேர்விடும். செருகாமல் மிதக்கவிட்டாலும் வளரும். மற்றது வாலிஸ்நேரியா. ரிப்பன் போல நீண்ட இலை. இதை நடும்போது கவனம் தேவை. வேர் மட்டும் மணலுக்குள் போகட்டும். இலைகள் பிரியும் குருத்து வெளியே இருக்கட்டும். குருத்து புதைந்தால் அழுகிவிடும். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிறது, கண்ணாடியில் வெள்ளையாகப் படிகிறது என்று பலர் கவலைப்படுவார்கள். இந்த இரண்டு செடிகளும் அப்படிப்பட்ட தண்ணீரையும் தாங்கும்.

ஏரியிலிருந்து எடுத்த செடியை உடனே தொட்டியில் வைக்காதீர்கள். ஒரு வாரம் தனி வாளியில் வையுங்கள். நத்தையும் பூச்சியும் ஒட்டிக்கொண்டு வரும்.

வெளிச்சம் தினமும் 8 மணி நேரம் போதும். குழல் விளக்கு இருந்தால் நல்லது. நாள் முழுவதும் வெயில் அடிக்கும் ஜன்னலில் வைத்தால் தண்ணீரே பச்சையாகிவிடும்.

தாத்தா செடி நட்டு இரண்டு வாரம் காத்திருந்தார். பேத்திக்குப் பொறுமை இல்லை. அவரும் விடவில்லை. பிறகு 3 கப்பி மீன்களை மட்டும் விட்டார். மீனின் கழிவு தண்ணீரில் நஞ்சாகும். செடி அதையே உணவாக எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் அல்ல. அதனால் வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றுகிறார். அழுகிய இலையை அன்றைக்கே எடுத்துவிடுகிறார்.

ஹைட்ரில்லா வேகமாக வளரும். வெட்டிய கொடியைச் சாக்கடையிலோ வேறு ஏரியிலோ எறியாதீர்கள். 1950-களில் இலங்கையிலிருந்து மீன் தொட்டிக்காக இந்தக் கொடியை அமெரிக்காவின் புளோரிடாவுக்குக் கொண்டு போனார்கள். அது தொட்டியிலிருந்து நீர்நிலைகளுக்குப் போனது. ஏரிகளிலும் ஆறுகளிலும் படகு போக முடியாமல் அடைத்துக்கொண்டது. தாத்தா வெட்டிய கொடியை ரோஜாத் தொட்டியில் போடுகிறார். அது மக்கி உரமாகிறது.

கப்பி மீன் முட்டையிடாது, குட்டி போடும். பெரிய மீன்கள் அந்தக் குட்டிகளைத் தின்றுவிடும். போன மாதம் பேத்தி கொடிக்குள் உற்றுப் பார்த்தாள். இலைகளுக்கு நடுவே ஏழு குட்டிகள் ஒளிந்திருந்தன.