‘நன்றி: கூகுள்’ போதாது

கும்பாபிஷேக மலரோ, கல்லூரி ஆண்டு மலரோ, முட்டைக் கம்பெனியின் காலண்டரோ, சேலம், நாமக்கல் பக்கம் படம் தேவைப்பட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான். டிசைனர் கூகுளில் ‘நாமக்கல் கோட்டை’ என்று தட்டுவார், கண்ணுக்கு நிறைவாக இருப்பதை இறக்கிக்கொள்வார். கொஞ்சம் மனசாட்சி உள்ளவர் ஓரத்தில் ‘நன்றி: கூகுள்’ என்று போடுவார். கூகுள் அந்தப் பாறைமேல் ஏறிப் படம் எடுக்கவில்லை. எங்கே இருக்கிறது என்று காட்டியதோடு சரி.

எடுத்தவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்தால் அது வெளிவந்த பக்கங்கள் வரிசையாக வரும். அவற்றில் பழைய தேதியும் பெரிய அளவும் உள்ளது பெரும்பாலும் மூலப்படம். பின்டரெஸ்ட்டில் போய் நின்றுவிடாதீர்கள். அங்கே இருப்பவர்களில் பலர் அடுத்தவர் படத்தைச் சேர்த்துவைத்தவர்கள். கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறதே, துறையிடம் கேட்டால் போதாதா என்றால், போதாது. கோட்டை வேறு, கோட்டையின் படம் வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்கே. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரைச் சேரும்.

அடுத்து உரிமத்தைப் பாருங்கள். கேட்கவே தேவையில்லாத படமாகவும் இருக்கலாம். விக்கிமீடியா காமன்ஸில் மேட்டூர் அணை, சங்ககிரிக் கோட்டை, தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் எல்லாவற்றுக்கும் படங்கள் உண்டு. சொன்ன நிபந்தனைப்படி நடந்தால் வணிகத்துக்கும் எடுத்தாளலாம். பிளிக்கரில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே உரிமம் இருக்கும். ‘ஆல் ரைட்ஸ் ரிசர்வ்டு’ என்றிருந்தால் கேட்டே ஆக வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் என்றால் பின்னால் வரும் எழுத்துகளைப் படியுங்கள். ‘பிஒய்’ என்றால் பெயர் போட வேண்டும். ‘எஸ்ஏ’ என்றால் நீங்கள் மாற்றிச் செய்ததையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். ‘என்சி’ என்றால் வணிகத்துக்கு ஆகாது. மலர் இலவசம்தானே என்பீர்கள். பாதிப் பக்கம் ஜவுளிக்கடையும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி விளம்பரமுமாக இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே நல்லது. ‘என்டி’ என்றால் மாற்றிய படத்தை வெளியிடக் கூடாது. வானத்தை வெட்டி எறிந்து சூரியோதயத்தை ஒட்டி, பிரமுகர் தலையைப் பக்கத்தில் வைக்கும் பிளக்ஸ் கடைக்கு இது ஒத்தே வராது.

எந்த உரிமமானாலும் அந்தப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். போட்டவர் நாளைக்கு உரிமத்தை மாற்றலாம், படத்தையே நீக்கலாம்.

இனி கேட்கும் முறை. ‘சூப்பர் போட்டோ, யூஸ் பண்ணிக்கலாமா?’ என்று கமெண்ட் போட்டால், அவர் சரி என்றாலும் எதற்குச் சரி என்றார் என்பது தெரியாது. இப்படி எழுதலாம்:

“வணக்கம்ங்க. நாமக்கல்லில் எங்கள் கோயில் விழாக் குழுவிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் பிளிக்கரில் போட்டிருக்கும் கோட்டைப் படத்தை (இணைப்பு கீழே) கும்பாபிஷேக மலரில் அரைப்பக்க அளவில் ஒருமுறை அச்சிட அனுமதி வேண்டும். 1,000 பிரதிகள், விற்பனைக்கு அல்ல. ஆனால் விளம்பரங்கள் உண்டு. மலரின் பிடிஎஃப் வாட்ஸ்அப்பிலும் போகும். ஓரம் வெட்டுவதைத் தவிர வேறு மாற்றம் செய்ய மாட்டோம். உங்கள் பெயரை எப்படிப் போட வேண்டும், கட்டணம் ஏதும் உண்டா என்று சொல்லுங்கள். 20ஆம் தேதிக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்ங்க.”

பிடிஎஃப் விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அச்சுக்குக் கொடுத்த அனுமதி வாட்ஸ்அப்புக்குச் செல்லாது. சட்டத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: அனுமதியில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கும் மலர் போகுமென்றால் அதையும் எழுதிக் கேளுங்கள்.

பிளிக்கரில் கணக்குத் தொடங்கினால் பிளிக்கர் மெயிலில் அனுப்பலாம். இன்ஸ்டாகிராமில் உங்களைப் பின்தொடராதவருக்கு அனுப்பிய செய்தி ‘ரெக்வெஸ்ட்’ பகுதியில் தூங்கும். ‘செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்’ என்று படத்தின் கீழே ஒரு கமெண்ட் போடுங்கள். போனில் சரி என்றாரா? வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டச் சொல்லுங்கள், சட்டம் எழுத்தைத்தான் கேட்கிறது. பதிலே வரவில்லையென்றால் அது சம்மதம் ஆகாது. வேறு படம் பாருங்கள், அல்லது குழுவில் ஒரு பையனைக் காலையிலேயே கோட்டைக்கு அனுப்பி எடுத்துவரச் சொல்லுங்கள்.

படத்தில் மனித முகம் இருந்தால் எடுத்தவரின் அனுமதி மட்டும் போதாமல் போகலாம். 2007இல் விர்ஜின் மொபைல் நிறுவனம் ஆஸ்திரேலிய விளம்பரம் ஒன்றில், பிளிக்கரில் ‘பிஒய்’ உரிமத்தில் இருந்த ஓர் அமெரிக்கப் பெண்ணின் படத்தைப் போட்டது. அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. குடும்பத்தார் டெக்சாஸில் வழக்குப் போட்டார்கள். அந்த நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பில்லை என்று வழக்கு தள்ளுபடியானது தனிக்கதை. ராசிபுரத்துத் தறியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் படத்தைச் சேலைக்கடை விளம்பரத்தில் போடுமுன் அந்த அம்மாவிடமும் கேட்க வேண்டும்.

அனுமதி வந்ததும் மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள். ஏ4 முழுப் பக்கத்துக்கு 300 டிபிஐயில் 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். பெயரைப் படத்தின் அடியிலேயே போடுங்கள், கடைசிப் பக்கத்து நன்றிப் பட்டியலில் நாற்பது பெயர்களோடு சேர்க்க வேண்டாம். கிரியேட்டிவ் காமன்ஸ் படமென்றால் உரிமத்தின் பெயர், இணைப்பு, மாற்றியிருந்தால் அந்தக் குறிப்பு மூன்றும் சேர வேண்டும். இறுதி புரூப் வரும்போது இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இடம் போதாதபோது டிசைனர் முதலில் தூக்குவது இதைத்தான்.