சுழல் எஞ்சினுக்கு டர்போ எதற்கு?

அமெரிக்காவில் சிலர் வீட்டிலேயே விமானம் கட்டி, மாஸ்டா காரின் சுழல் எஞ்சினைப் பொருத்திப் பறக்கிறார்கள். அதற்கு டர்போசார்ஜர் எதற்கு? பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்காக, ரயில்வே டீசல் எஞ்சின்களோடு காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வான்கலின் இந்த எஞ்சின் 1957-ல் முதன்முதலாக ஓடியது. இதில் பிஸ்டனும் வால்வும் இல்லை. முக்கோண ரோட்டர்தான் சுழல்கிறது. மாஸ்டாவின் 13பி எஞ்சினில் இரண்டு ரோட்டர்கள். கொள்ளளவு 1308 சி.சி.

18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். காற்று குறைந்தால் சக்தியும் குறையும். எஞ்சினை விட்டு வெளியேறும் சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டிலுள்ள மற்றொரு சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். இதுவே டர்போ. நம் டபிள்யூ.டி.எம்.-2 ரயில் எஞ்சின் 2600 குதிரைசக்தி தந்ததும் இதன் துணையால்தான்.

ஆனால் சுழல் எஞ்சினின் வாயு, பிஸ்டன் எஞ்சினுடையதைவிடச் சூடானது. கார் முழுச் சக்தியைக் கேட்பது சில விநாடிகளே. விமானம் மேலேறும்போது நிமிடக் கணக்கில் கேட்கும். அந்தச் சூட்டைக் காருக்கான சிறிய டர்போ தாங்காது. பெரிய டர்பைன், உபரி வாயுவை விலக்கிவிடும் வேஸ்ட்கேட், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் மூன்றும் வேண்டும்.

அழுத்தம் மிஞ்சினால் எரிபொருள் தாறுமாறாக வெடித்து, ரோட்டரின் முனை சீல் உடையும். ஆகவே உயரத்தில் இழந்த அழுத்தத்தை மீட்டால் போதும். அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம்.

தரையிறங்கியதும் எஞ்சினை உடனே நிறுத்தாமல் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட வேண்டும். இல்லையேல் பேரிங்கிலுள்ள எண்ணெய் கரியாகிவிடும்.

டர்போ கெட்டால் ரயில் தண்டவாளத்திலேயே நிற்கும். இழுத்துச் செல்ல வேறு எஞ்சின் வரும். வானத்தில் அந்த வசதி இல்லை, பிள்ளைகளே!